அக்காவின் டச் லேப்டாப்பும் அறுந்துகிடந்த எர்த் கம்பியும்

அக்கா கும்பகோணத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். நேரில் வருகிறவர்கள் போக, வெளியூரிலிருந்து ஆன்லைனில் ஏழெட்டுப் பேர். இத்தனை நாளும் போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்தி, கேமராவுக்குக் கீழே நோட்டை விரித்து வைத்து எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். கை மறைக்கிறது, எழுத்து மங்கலாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருந்ததில், "தம்பி, திரையிலேயே பேனாவால எழுதுற மாதிரி ஒரு லேப்டாப் பார்த்துக் கொடுடா, முப்பதாயிரத்துக்கு மேல என்னால முடியாது" என்றாள். அதற்காக வாங்கிய லேப்டாப்பை அவள் கைக்கு ஒழுங்காகக் கொண்டு சேர்க்க மூன்று மாதம் ஆனது. அதில் என்னென்ன செய்தேன், எது எங்கே போய் முடிந்தது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். பழைய வீட்டில் டச் லேப்டாப் வைத்திருப்பவர்கள் நடுவில் வரும் கரண்ட் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

திரையைப் பின்னால் முழுதாக 360 டிகிரி மடக்கி டேப்லெட் மாதிரி பிடிக்கிற இந்த வகை, 2012-ல் லெனோவோவின் யோகா வந்த பிறகுதான் பரவியது. அப்புறம் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இதில் இறங்கிவிட்டன. பேனாவோடு புதிதாக வாங்க அக்காவின் பணம் போதாது என்பதால் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் பார்த்தேன். 13.3 அங்குலத் திரை, 7-வது தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 24,500 ரூபாய்க்கு முடிந்தது. எந்தக் கம்பெனி மாடல் என்று எழுதப் போவதில்லை, கீழே வரும் தொல்லைகளில் முக்கியமானவை அந்தக் கம்பெனியால் வந்தவையும் இல்லை.

கடையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். பெயிண்ட் மென்பொருளைத் திறந்து, ஒரு விரலால் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெதுவாக ஒரு கோடு, அதற்கு அரை அங்குலம் கீழே இன்னொரு கோடு என்று அடிவரை போட்டேன், பிறகு அதே போல் மேலிருந்து கீழாக, கடைசியாகக் குறுக்காக. எங்காவது செத்துப்போன பட்டை இருந்தால் ஒவ்வொரு கோடும் அதே இடத்தில் அறுந்து நிற்கும், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். குறுக்குக் கோட்டை மெதுவாகப் போடுவது முக்கியம், வேகமாக இழுத்தால் நடுவில் விட்டுப்போன புள்ளிகளை மென்பொருள் நேர்கோடாக இணைத்துக் காட்டிவிடும். அடுத்து பேட்டரி ரிப்போர்ட். வடிவமைப்புக் கொள்ளளவு 45,000 மில்லிவாட்-ஹவர் இருக்க வேண்டிய இடத்தில் முழு சார்ஜில் 32,100 தான் ஏறியது, அதாவது 71 சதவீதம். பழைய மெஷினுக்கு இது பரவாயில்லை. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்தேன், பேட்டரி உப்பினால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. திரையைத் திறக்கும்போது இடது கீல் பக்கம் பிளாஸ்டிக் விளிம்பு நூலளவு விரிந்து திரும்ப மூடிக்கொண்டது. அதைச் சொல்லித்தான் விலையை இரண்டாயிரம் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தேன். அடிமூடியில் பத்து ஸ்க்ரூ, எல்லாம் நட்சத்திரக் குழி வைத்த டார்க்ஸ் டி5. மூடியைக் கழற்றியதும் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட வேண்டும், இதில் சோம்பல் கூடாது. இடது கீலைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூவில் ஒன்று தளர்ந்திருந்தது, இன்னொன்றைத் திருகினால் அதைத் தாங்கும் பித்தளைப் புரி பிளாஸ்டிக்கிலிருந்து விட்டுப்போய்க் கூடவே சுற்றியது. 360 டிகிரி கீல்கள் சாதாரண லேப்டாப் கீலைவிட இறுக்கமானவை, விரலால் திரையைத் தொடும்போது ஆடாமல் நிற்க வேண்டும் அல்லவா, அந்த இறுக்கம் முழுவதும் இந்தச் சின்னப் புரிகள் மேல்தான் போய் விழுகிறது. பித்தளையை வெளியே எடுத்து, உட்கார்ந்திருந்த குழியை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்து, இரண்டு கலவை எபாக்ஸியைப் பல்குச்சி நுனியில் தொட்டு வெளிச்சுவரில் மட்டும் தடவி அழுத்தி வைத்தேன். புரிக்குள் ஒரு துளி போனாலும் ஸ்க்ரூ இறங்காது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுநாள் ஸ்க்ரூக்களை, தளராமல் பிடித்துக்கொள்ளும் நீல நிற த்ரெட் லாக்கர் பசை தொட்டு முறுக்கினேன். இன்றுவரை விரியவில்லை.

அடுத்தது இயங்குதளம். 7-வது தலைமுறை ப்ராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நான் அன்றாடம் லினக்ஸில்தான் வேலை செய்கிறேன், அக்காவுக்குத் தேவை ஒரு பிரவுசர், எழுத ஒரு பலகை, தமிழ் 99 கீபோர்டு, அவ்வளவுதான். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை யூஎஸ்பியில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்த்தேன். டச் எடுத்தது, வைஃபை எடுத்தது, சத்தம் வந்தது, பேனா வேலை செய்தது. திருப்தியான பிறகு நிறுவினேன். 13.3 அங்குலத்தில் 1920-க்கு 1080 என்பது விரலால் தொடுவதற்குப் பொடி எழுத்து, அதனால் பெரிய எழுத்து அமைப்பைப் போட்டுவிட்டேன்.

ஆனால் மடக்கித் திருப்பி டேப்லெட்டாகப் பிடித்தவுடன் படம் தலைகீழாக நின்றது. லேப்டாப்பையே தலைகீழாகப் பிடித்தாலும் படமும் கூடவே திரும்பி எனக்குத் தலைகீழாகவே நின்றது. பக்கவாட்டில் சாய்த்தாலும் அதே எதிர்மறைதான். இங்கே ஒரு விஷயம், லேப்டாப் மாதிரி திறந்து வைத்திருக்கும்போது ஃபெடோராவின் முகப்பான க்னோம் திரையைச் சுழற்றாது, டேப்லெட் நிலைக்குப் போன பிறகுதான் சுழற்றும், அதனால் சும்மா தூக்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு சென்சார் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சென்சார் என்ன சொல்கிறது என்று நேராக அதனிடமே கேட்கலாம். டெர்மினலில் மானிட்டர்-சென்சார் என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பை ஒவ்வொரு பக்கமாக நிறுத்தினால், நார்மல், பாட்டம்-அப், லெஃப்ட்-அப், ரைட்-அப் என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டும். என்னுடையதில் நேராக நிறுத்தினால் பாட்டம்-அப் என்றது, தலைகீழாக நிறுத்தினால் நார்மல் என்றது, இடமும் வலமும் கூட மாறியிருந்தன. நான்கு பக்கத்தையும் பார்ப்பது அவசியம். மேல் கீழ் மட்டும் மாறி இடம் வலம் சரியாக இருந்தால் ஓர் அச்சை மட்டும் திருப்ப வேண்டும், எல்லாமே மாறியிருந்தால் இரண்டையும் திருப்ப வேண்டும்.

காரணம் எளிமையானது. முடுக்கத்தை அளக்கும் அந்தச் சின்னச் சில்லு, புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் கீழ் எது என்று சொல்கிறது. சில்லைப் போர்டில் எந்தத் திசையில் ஒட்டியிருக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதை இயங்குதளத்துக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். லினக்ஸில் அதற்கென்று, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ்வின் எச்டபிள்யூடிபி என்ற வன்பொருள் பட்டியல் இருக்கிறது, நிறைய மாடல்களுக்கு யாரோ முகம் தெரியாதவர்கள் ஏற்கெனவே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். என் மாடல் அதில் இல்லை. அதே அமைப்பில் தனியாக ஒரு கோப்பு தொடங்கி, சென்சாரின் பெயரும் மாடலின் பெயரும் உள்ள வரிக்குக் கீழே சில்லு எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும் மவுன்ட் மேட்ரிக்ஸை -1, 0, 0; 0, -1, 0; 0, 0, 1 என்று கொடுத்தேன். முதல் இரண்டு -1 தான் இரண்டு அச்சையும் திருப்புகிறது, மூன்றாவது திரைக்குச் செங்குத்தான அச்சு, அதைத் தொடவில்லை. பட்டியலைப் புதுப்பித்து லேப்டாப்பை மறுதொடக்கம் செய்ததும் நேராக வந்தது. டச்சுக்குத் தனியாக எதுவும் செய்யத் தேவைப்படவில்லை, திரையில் படம் காட்டும் அமைப்பான வேலண்டில் திரை சுழன்றால் டச்சும் கூடவே சுழன்றுகொள்கிறது.

பேனா விஷயத்தில் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. இந்தத் திரை வேக்கம் நிறுவனத்தின் ஏஇஎஸ் வகை. அதில் பேனாவே சமிக்ஞை அனுப்பும், அதனால் பேனாவுக்குள் பேட்டரி வேண்டும். அதே வேக்கமின் இஎம்ஆர் வகைப் பேனாவுக்கு பேட்டரியே கிடையாது, ஆனால் அது இந்தத் திரையில் ஒரு புள்ளி கூட வைக்காது. இந்தப் பேனாவுக்கு வேண்டியது நான்கு ஏ போட்ட ஏஏஏஏ பேட்டரி, விட்டம் 8.3 மில்லிமீட்டர். ரிமோட்டுக்குப் போடும் மூன்று ஏ பேட்டரி 10.5 மில்லிமீட்டர், உள்ளேயே போகாது. கும்பகோணத்தில் அத்தான் நான்கு கடை ஏறி இறங்கியும் எல்லோரும் மூன்று ஏவைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் ஆன்லைனில் ஆறு வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்தோம்.

எழுதுவதற்கு எக்ஸ்ஜர்னல்++ என்ற நோட்டு மென்பொருள். கோடு போட்ட தாள், கட்டம் போட்ட தாள் இரண்டும் அதிலேயே இருக்கின்றன, வடிவியல் வரைய கட்டம் போட்டது வசதி. அதன் அமைப்புகளில் விரலால் வரைவதை நிறுத்திவிட்டு, பேனா மட்டும் எழுதும்படி வைத்தேன். பேனா திரைக்கு அருகில் இருக்கும்போது, டச், பேனா, கீபோர்டு எல்லாவற்றையும் கவனிக்கும் லினக்ஸின் லிப்இன்புட் கைத்தொடுதலைக் கண்டுகொள்ளாது, அதனால் உள்ளங்கையைத் தாளில் ஊன்றுவது போலத் திரையில் ஊன்றியே எழுதலாம். சென்னையில் பத்து நாள் நானே தினமும் எழுதிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அக்கா பொங்கலுக்கு வந்தபோது கொடுத்தனுப்பினேன்.

நான்காம் நாள் போன். "என்னடா இது, நான் ஒரு பக்கம் தொட்டா அது இன்னொரு பக்கம் தொடுது. பேஜ் தானா மேல போகுது, கீழ போகுது. பிள்ளைங்க சிரிக்குதுங்க."

திரை போய்விட்டது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது, அவள் காட்டிய உள்ளூர் சர்வீஸ்காரரும் அதையே சொல்லி, டச்சோடு சேர்த்துத் திரை மாற்ற 11,000 ரூபாய் கேட்டிருந்தார். மாற்றச் சொல்லிவிட்டிருப்பேன், பத்து நாள் என் கையில் ஒழுங்காக இருந்த திரை ரயிலில் போனதும் கெடுவது எப்படி என்ற ஒரு கேள்விதான் என்னைத் தடுத்தது. போனிலேயே யூஎஸ்பியிலிருந்து இயக்கச் சொன்னேன், அதிலும் அதே ஆட்டம், ஆக நான் நிறுவியதில் எதுவும் இல்லை. அடுத்து சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன். "நின்னுடுச்சுடா" என்றாள். திரும்பச் சொருகச் சொன்னேன். "வந்துடுச்சு. அப்புறம் இன்னொண்ணு, சொல்ல மறந்துட்டேன், சார்ஜ் போட்டிருக்கும்போது கை வைக்கிற இடம் விறுவிறுங்குது."

அந்த ஒரு வார்த்தைக்காக வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தேன், பையில் மல்டிமீட்டரோடு.

விடிந்ததும் நானே தொட்டுப் பார்த்தேன். புறங்கையை அலுமினிய உடல் மேல் லேசாக வைத்து நகர்த்தினால், உலோகம் முழுக்க மெல்லிய மணல் ஒட்டியிருப்பது போல ஒரு உணர்வு, சார்ஜரைப் பிடுங்கினால் அதே இடம் வழவழவென்று இருந்தது. திரையில் ஒரு விரலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, தொடும் இடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், ஒரே செங்குத்துக் கோட்டில், இல்லாத விரல்களின் புள்ளிகள் பூத்துப் பூத்து மறைந்தன. விரலை எடுத்தால் எல்லாம் அடங்கிவிட்டது. விரலை இரண்டு அங்குலம் வலப்பக்கம் வைத்தால் அந்தக் கோடும் இரண்டு அங்குலம் நகர்ந்தது. கண்ணாடி கெட்டிருந்தால் கெட்ட இடம் ஒரே இடமாக இருக்கும், விரலோடு கூடவே நடந்து வராது. இதைப் பார்த்ததுமே திரையில் குறை இல்லை என்று உறுதியாகிவிட்டது.

இந்த வகைத் திரையில் கண்ணுக்குத் தெரியாத கடத்திப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக வலை போல ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது இரண்டு பட்டைகளுக்கு நடுவிலுள்ள மின்தேக்கம் துளியளவு மாறும், அந்த மாற்றத்தைத்தான் டச் கண்ட்ரோலர் விரல் என்று கணக்கெடுக்கிறது. மிகச் சின்ன மாற்றம் அது. இன்னொரு பக்கம், சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவில் இரைச்சலை அடக்க ஒய் கெப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கும், அதன் வழியே எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். எர்த் பின் ஒழுங்காக மண்ணோடு சேர்ந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் லேப்டாப்பின் உடல் முழுக்க அந்தரத்தில் மிதக்கும், சார்ஜரின் இரைச்சல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தரையில் கால் வைத்து நிற்கும் மனிதன் திரையைத் தொட்டதும் அந்த இரைச்சலுக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது, விரல் தொட்ட பட்டை வழியே அது இறங்குகிறது, அந்தப் பட்டை முழுக்க விரல்கள் இருப்பது போலக் கண்ட்ரோலருக்குத் தெரிகிறது. செங்குத்துக் கோடு வந்தது அதனால்தான்.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சந்தேகித்தேன், அதை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் சொருகினேன், மாற்றமில்லை. பிறகு லேப்டாப்பையும் அதே சார்ஜரையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன், சென்ற வருஷம் கட்டிய வீடு அது. அங்கே சொருகி எழுதினால் சென்னையில் எழுதியது போலவே சுத்தமாக எழுதியது, விறுவிறுப்பும் இல்லை. மெஷின் அதே, சார்ஜர் அதே, விரலும் அதே, மாறியது சுவர் மட்டும்தான்.

அக்கா வீட்டு த்ரீ பின் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் காட்ட வேண்டும், 43 காட்டியது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 70-க்கும் 80-க்கும் நடுவில் நிற்காமல் அலைந்தது. இப்படி அலைந்தால் அந்தக் கம்பி எதோடும் சேரவில்லை, பக்கத்தில் ஓடும் கம்பிகளின் சாயல்தான் அதில் தெரிகிறது என்று அர்த்தம். வீட்டில் எட்டு சாக்கெட், எட்டிலும் இதே கதை. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் இதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. லேப்டாப்பின் கசிவு மில்லிஆம்பியருக்கும் கீழே, அது விறுவிறுப்போடு போய்விடும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும்போது அதன் இன்சுலேஷன் விட்டுப்போயிருந்தால் அது உயிர்ப் பிரச்சினை. இதை அக்காவிடம் சொன்னபோது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மெயின் போர்டைத் திறக்கும் வேலையை நான் செய்யவில்லை, அத்தான் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டார்.

அவர் வந்து சுவிட்ச் போர்டைப் பார்க்கவே இல்லை, நேராகக் கொல்லைப்பக்கம் போனார். கிணற்றை ஒட்டி, துளசி மாடத்துக்குப் பின்னால், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நின்றது. அதன் கழுத்தில் இருந்த கிளாம்ப் துருப்பிடித்து பிஸ்கட் போல உதிர்ந்து கிடந்தது. கம்பி அதிலிருந்து விட்டுப்போய், இரண்டு விரற்கடை தள்ளி, சுவரோரம் பாசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அப்படித் தொங்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் அந்தக் கம்பி நுனியைக் கையில் எடுத்து, "இதான் தம்பி உங்க கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்றார்.

பழைய குழாயையே தேய்த்துப் புதுக் கிளாம்ப் போடலாமா என்று அத்தான் கேட்டார். குழாயும் உள்ளே அரித்திருக்கும் என்று அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. புதுக் குழி தோண்டி, 40 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டரை மீட்டர் நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைத்தார். இந்திய எர்த்திங் நெறிமுறையான ஐஎஸ் 3043 சொல்லும் குழாய் முறை இதுதான். கூடவே மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் போடச் சொன்னேன், கசிவு அந்த அளவைத் தாண்டினால் தானாகக் கட் ஆகிவிடும். பொருளும் கூலியும் சேர்த்து 8,400 ரூபாய்.

ஒரு எச்சரிக்கை இங்கே சொல்ல வேண்டும். எர்த் இல்லாத சாக்கெட்டில் எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் போதும், விறுவிறுப்பு நின்றுவிடும் என்று சிலர் செய்கிறார்கள். நிற்கும்தான். ஆனால் வெளியே எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் வீட்டிலுள்ள உலோக உடம்பு எல்லாவற்றிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி அளந்தேன். ஃபேஸ் நியூட்ரல் 231, ஃபேஸ் எர்த் 230, நியூட்ரல் எர்த் 1.4. சார்ஜரைச் சொருகி அதே சோதனைப் பக்கத்தில் விரலை வைத்தேன், ஒரே ஒரு புள்ளி, அசையாமல் நின்றது. புறங்கையால் உடலைத் தடவினேன், வழவழப்பு. அக்கா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து ஒரு வட்டம் வரைந்து, அதற்கு வெளியிலிருந்து இரண்டு தொடுகோடு இழுத்து, மையத்தையும் தொடும் புள்ளிகளையும் சேர்த்து, ஒரு பக்கம் முழுக்க நிரூபணம் எழுதினாள். எங்கேயும் ஒரு கீறல் விழவில்லை.

இதோடு முடிந்தது என்று ஊர் திரும்பினேன். அடுத்த வாரம் கீபோர்டு செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று மறுபடி போன். கீபோர்டும் டச்பேடும் ஒன்றாகப் போய்விடுமாம், ஒன்றாகத் திரும்ப வருமாம். சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். கேபிள் தளர்ந்திருக்கும், கீலைக் கழற்றியபோது நான்தான் எதையாவது இடித்திருப்பேன் என்று ஓர் அரை மணி நேரம் அந்தக் கவலையிலேயே ஓடியது. அப்போது அவள் பேச்சோடு பேச்சாக, "டைப் பண்ணப் போனா திரைக்குள்ளயே ஒரு கீபோர்டு வந்து நிக்குதுடா" என்றாள்.

அதில் விடை இருந்தது. திரையைப் பின்னால் மடக்கினால் கீபோர்டு அடியில் போய் மடியில் அமுங்கும், அதனால் டேப்லெட் நிலைக்குப் போனதும் லிப்இன்புட் கீபோர்டையும் டச்பேடையும் அணைத்துவிடும், க்னோம் திரைக் கீபோர்டைக் கொண்டுவரும். ஆக லேப்டாப் கெடவில்லை, தான் மடங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கீபோர்டு பிழைத்திருக்கும் நேரம் பார்த்து லிப்இன்புட் டீபக்-ஈவன்ட்ஸ் என்ற கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்லி டைப் செய்ய வைத்து, அந்த டெர்மினலை மூடாமல் அப்படியே விட்டு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் மறுபடி செத்தது. கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். "ஸ்விட்ச் டாகிள்... டேப்லெட் மோட்... ஸ்டேட் 1." சரி, இப்போது மேஜையில் லேப்டாப்பைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். காபி டம்ளர், ரெக்கார்ட் நோட்டு, ஸ்கேல், அப்புறம் போன், கீபோர்டின் இடது ஓரத்தில் கை வைக்கும் இடத்தின் மேலேயே வைத்திருக்கிறாள். போனுக்கு என்ன உறை? புத்தகம் மாதிரி மூடுகிற தோல் உறை, ஓரத்தில் காந்தப் பூட்டு.

திரைப் பகுதியில் காந்தம், அடிப்பகுதியில் அந்தக் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், இந்த மாடலில் மூடியிருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வது இப்படித்தான். போன் உறையின் காந்தம் சரியாக அந்தச் சென்சாருக்கு மேலே உட்கார்ந்திருந்தது. போனை எடுக்கச் சொன்னேன், ஸ்டேட் 0 என்று அடுத்த வரி விழுந்தது, கீபோர்டு வந்துவிட்டது. வைக்கச் சொன்னேன், போய்விட்டது. மூன்று தடவை வைத்து எடுத்து அவளே சரிபார்த்துக்கொண்டாள். இப்போது இடது ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, அங்கே எதையும் வைப்பதில்லை.

இன்னும் மீதி இருப்பது பேட்டரி, 71 சதவீதத்தில் மூன்று மணி நேரம்தான் தாங்குகிறது. ஒரே மூச்சில் இரண்டு வகுப்பு எடுக்கும் நாளில் சார்ஜரோடுதான் எழுதுகிறாள், எழுதவும் முடிகிறது. பழைய மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் அளவையும் விலையையும் இதிலேயே சேர்க்கிறேன். எர்த் குழிக்குக் கோடையில் ஈரம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் சொல்லிப் போனதால், கொல்லையில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அத்தான் அந்தப் புனலிலும் ஒரு குடம் ஊற்றிவிடுகிறார்.